நாற்பதில் இடம் இருக்கிறதா? – பேஸ்பால் கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பாலில் இது ஆட்டம் இல்லாத காலம். தீபாவளியை ஒட்டி, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிகிறது. தைப்பூசக் காவடியெல்லாம் முடிந்து பிப்ரவரி நடுவில்தான் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) பயிற்சி முகாமுக்கு வருவார்கள். நடுவில் உள்ள மூன்றரை மாதமும் பேரம், வதந்தி, மறுப்பு. இந்த இதழுக்கு நம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களும் அதைப் பற்றியே.

கே: “இன்னார் இன்ன அணிக்குப் போகிறார்” என்று டிசம்பர் முழுக்கச் செய்தி வருகிறது. பாதிக்கு மேல் நடப்பதில்லை. எதை நம்புவது?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

ப: முதலில் செய்தியின் வினைச்சொல்லைப் பாருங்கள். “விசாரித்தார்கள்” என்றால் ஒன்றுமே இல்லை. நல்ல ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி முப்பது அணிகளும் விசாரிக்கும், அது மேலாளர்களின் தினசரி வேலை. “பேச்சு நடக்கிறது” என்றால் பதிலுக்குத் தரும் ஆட்களின் பெயர்கள் அடிபடத் தொடங்கியிருக்கலாம். “உடன்பாடு ஆகிவிட்டது, மருத்துவப் பரிசோதனை பாக்கி” என்று வந்தால்தான் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவும் முறிந்தது உண்டு. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயாவுக்கு சான் பிரான்சிஸ்கோ 13 ஆண்டு, 350 மில்லியன் டாலர் என்று ஒப்புக்கொண்டது. அறிமுகக் கூட்டம் நடக்கவிருந்த அன்றே அதை நிறுத்தினார்கள். வலது காலில் பழைய அறுவை சிகிச்சை செய்த இடம் மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே நியூயார்க் மெட்ஸ் 12 ஆண்டு, 315 மில்லியன் என்றது. அதே கால், அதே தயக்கம். கடைசியில் ஜனவரியில் மினசோட்டாவுடன் 6 ஆண்டு, 200 மில்லியனுக்குக் கையெழுத்தானது. மூன்று வாரத்தில் 150 மில்லியன் கரைந்துபோனது.

அடுத்து, இந்தச் செய்தி வெளியே வந்தால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். பெயர் சொல்லாத ஒரு “மர்ம அணி” களத்தில் குதித்திருக்கிறது என்று வந்தால், பெரும்பாலும் அது ஏஜென்ட் பக்கத்துக் காற்று. விலை ஏற வேண்டும். விற்கிற அணியும் இதையே செய்யும். வாங்குகிற அணிதான் வாய் திறக்காது, திறந்தால் தன் செலவு கூடும். ஆகவே வாங்கும் பக்கத்திலிருந்து கசிகிற செய்திக்கு எடை அதிகம்.

அவசரத்தின் அழகைப் பார்க்க இரண்டு நிகழ்ச்சி போதும். 2022-ல் ஒரு பிரபல நிருபர் ஆரன் ஜட்ஜ் சான் பிரான்சிஸ்கோ போகிறார் என்று பதிவிட்டார். அவசரத்தில் “ஆரன்” என்பது “ஆர்சன்” (ஆங்கிலத்தில் தீவைப்பு) ஆகியிருந்தது. ஜட்ஜ் 9 ஆண்டு, 360 மில்லியனுக்கு யாங்கீஸிலேயே தங்கினார். 2023 டிசம்பர் 8 அன்று ஷோஹெய் ஓட்டானி டொரண்டோவுக்கு விமானத்தில் பறக்கிறார் என்று செய்தி வந்தது. ஆயிரக்கணக்கானோர் அந்த விமானத்தின் பாதையைத் திரையில் பின்தொடர்ந்தார்கள். இறங்கியவர் ஒரு கனடியத் தொழிலதிபர். மறுநாள் ஓட்டானி டாட்ஜர்ஸுக்குப் போவதாகத் தானே அறிவித்தார்.

கே: இங்கே கால்பந்தில் கைசர் சீஃப்ஸ் ஓர் ஆளை எடுத்தால் அவருடைய கிளப்புக்குப் பணம் கட்டும், கதை முடிந்தது. பேஸ்பாலில் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துப் பெயர் தெரியாத நான்கு பையன்களை வாங்குகிறார்கள். ஏமாளித்தனம் இல்லையா?
– ஃபீனிக்ஸ் வாசகர்

ப: அவர்கள் வாங்குவது பையன்களின் வருடங்களை.

உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒரு பருவத்தில் 172 நாள் அணியின் பட்டியலில் இருந்தால் ஓராண்டு சேவை. ஆறு ஆண்டு சேவை முடியும்வரை ஆட்டக்காரர் அந்த அணியின் பிடியில்தான் இருப்பார். முதல் மூன்று ஆண்டு கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம் (2026-க்கு 7,80,000 டாலர்). அடுத்த மூன்று ஆண்டு நடுவர் தீர்ப்புக் காலம். ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நடுவில் வெட்ட முடியாது. அதனால்தான் பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே பேசி முடிகின்றன. ஒரு நாளுக்கு இங்கே என்ன மதிப்பு என்று கேட்டால், 2015-ல் கிரிஸ் பிரையன்ட் 171 நாளோடு பருவத்தை முடித்தார். ஒரே நாள் குறைவு. சிகாகோ கப்ஸுக்கு ஒரு முழு ஆண்டு கூடுதல் பிடி. அவர் முறையிட்டும் தோற்றார்.

இப்போது ஹுவான் சோட்டோவைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது அவரிடம் அந்தப் பருவத்தின் மீதியும் இன்னும் இரண்டு முழுப் பருவமும் இருந்தன. அவரோடு ஜோஷ் பெல்லும் போனார். பதிலுக்கு சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா, லூக் வாய்ட் என ஆறு பேர். 2023 டிசம்பரில் அதே சோட்டோவை சான் டியேகோ யாங்கீஸுக்குக் கொடுத்தது. அப்போது மிச்சம் ஒரே ஆண்டு. கூடவே டிரென்ட் கிரிஷமும் போனார். வந்தது மைக்கேல் கிங், டுரூ தோர்ப் உள்ளிட்ட ஐந்து பேர். எண்ணிக்கையை விடுங்கள், தரம் இறங்கியிருந்தது. ஏப்ரம்ஸ், வுட் போல அணியையே தூக்கி நிறுத்தக்கூடிய இளம் பேட்டர் அந்த ஐவரில் இல்லை. சோட்டோ மாறவில்லை, அவரிடம் மிச்சமிருந்த காலம்தான் சுருங்கியது. அந்த ஓராண்டும் முடிந்ததும் அவர் மெட்ஸிடம் 15 ஆண்டு, 765 மில்லியனுக்குப் போனார். யாங்கீஸுக்கு மிஞ்சியது ஈடாக ஒரு டிராஃப்ட் இடம் (டிராஃப்ட் என்பது புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது), அதுவும் நான்காம் சுற்றுக்குப் பின்.

தோர்ப்பின் கதையும் வேடிக்கை. சான் டியேகோவுக்காக ஓர் ஆட்டம் ஆடுமுன்பே, 2024 மார்ச்சில் டிலன் சீஸை வாங்க அவரைக் கைமாற்றிவிட்டார்கள். இளம் பிட்சர் என்பது இங்கே செலாவணி.

ஒரு வதந்தி வந்தால் முதலில் தேட வேண்டியது “எத்தனை ஆண்டு பாக்கி?” இரண்டாண்டு பாக்கியுள்ள முதல்தர பிட்சருக்கு என்ன விலை என்பதற்கு 2024 டிசம்பர் நல்ல அளவுகோல். காரெட் குரோஷேவுக்காக பாஸ்டன் கொடுத்தது கைல் டீல், பிரேடன் மாண்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்சாலஸ் ஆகிய நால்வரை. இதைவிட மலிவாக யாராவது கைமாறப்போவதாகச் செய்தி வந்தால் சந்தேகப்படுங்கள்.

கே: 26 பேர், 40 பேர் என்று இரண்டு பட்டியல் ஏன்? “ஆப்ஷன் தீர்ந்துவிட்டது” என்றால் என்ன?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

ப: அன்றைக்கு ஆடத் தயாராக இருப்பவர்கள் 26, அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. செப்டம்பரில் 28 ஆகும். நாற்பது என்பது அந்த 26-ஐயும் கீழ்மட்ட லீகில் காத்திருக்கும் மற்றவர்களையும் சேர்த்தது. வதந்திகளில் பாதி உடைவது இந்த நாற்பதில்தான்.

ஓர் அணி நாற்பதையும் நிரப்பி வைத்திருக்கிறது என்று வையுங்கள். ஒருவரைக் கொடுத்து, பட்டியலில் உள்ள மூவரை வாங்குவதாகச் செய்தி. இரண்டு இடம் குறைகிறது. யாரை வெளியே தள்ளுவார்கள் என்று செய்தியில் இல்லையென்றால் அது இன்னும் வேகவில்லை. பருவம் நடக்கும்போது 60 நாள் காயப் பட்டியலில் உள்ளவர் நாற்பதில் சேரமாட்டார். குளிர்காலத்தில் அந்தப் பட்டியலே கிடையாது, எல்லாரும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நவம்பரில் இடநெருக்கடி அதனால்தான்.

அதே நவம்பரில் ‘ரூல் 5’ கெடுவும் வரும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பின்போ ஒப்பந்தமானவரை நான்கு பருவத்துக்குள்ளும் நாற்பதில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அவரை அடுத்த பருவம் முழுதும் 26-ல் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணி 50,000 டாலருக்குத் திரும்பக் கேட்கலாம். தகுதியான பையன்கள் அதிகம் வைத்திருக்கும் அணி, இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கும் சின்னச் சின்ன டிரேடுகளை (ஆள் மாற்றங்களை) நவம்பர் நடுவில் செய்யும். இவை தலைப்புச் செய்தி ஆகாது, ஆனால் நிச்சயம் நடக்கும்.

ஆப்ஷன் என்பது நாற்பதில் இருப்பவரைக் கேட்காமல் கீழே அனுப்பும் உரிமை. ஒருவருக்கு மூன்று பருவம். ஒரு பருவத்தில் அதிகபட்சம் ஐந்து முறை. அது தீர்ந்தால் கீழே அனுப்புமுன் மற்ற 29 அணிகளும் “எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டெய்லர் ஸ்காட், 2019-ல் சியாட்டிலுக்காக இறங்கி, மேஜர் லீகின் முதல் தென்னாப்பிரிக்க பிட்சர் ஆனார். 2023 என்ற ஒரே ஆண்டில் அவர் டாட்ஜர்ஸ், பாஸ்டன், ஓக்லண்ட் மூன்றுக்கும் வீசியிருக்கிறார். நாற்பதாவது இடத்தில் இருப்பவரின் வாழ்க்கை அப்படித்தான், பெட்டியைப் பிரிக்க நேரம் இருக்காது.

கே: நம்முடைய கிஃப்ட் ங்கோபேயை “பின்னர் பெயர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர் அல்லது பணம்” என்று கொடுத்தார்களாமே. அது எப்படி?
– மெரபேங்க் வாசகர்

ப: 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க்குக்காக இறங்கி, ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் மேஜர் லீக் ஆட்டக்காரர் ஆனவர். முதல் வாய்ப்பிலேயே ஜான் லெஸ்டரிடம் ஹிட் அடித்தார். அதே நவம்பரில் டொரண்டோவுக்கு அந்த முறையில்தான் போனார். பெயரை ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிறு டிரேடுக்கான முறை, ஆனால் விதியைச் சுற்றி வரவும் பயன்பட்டது. 2014 டிசம்பரில் சான் டியேகோ வாஷிங்டனுக்குத் தருவதாகச் சொன்ன “பெயர் சொல்லாத” ஆள் டிரே டர்னர் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஆண்டு டிராஃப்டில் வந்தவரை ஓராண்டுக்கு மாற்றக்கூடாது என்ற விதியால் 2015 ஜூன் வரை அவர் பழைய அணியின் கீழ்மட்ட லீகிலேயே ஆடினார். அந்தக் கூத்துக்குப் பிறகு, உலகத் தொடர் முடிந்தால் மாற்றலாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

கே: ஓட்டானிக்கு 700 மில்லியன். உச்சவரம்பு ஒன்றும் கிடையாதா?
– லெனேசியா வாசகர்

ப: SA20 கிரிக்கெட்டில் இருப்பது போன்ற கட்டாய வரம்பு கிடையாது, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரிக்கோடு உண்டு. 2026-க்கு 244 மில்லியன். தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. பத்து மில்லியன் தாண்டிய அணி முதல் ஆண்டு இரண்டு மில்லியன் கட்டும், மூன்றாம் ஆண்டு ஐந்து. ஓராண்டு கோட்டுக்குக் கீழே வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 40 மில்லியன் தாண்டினால் கூடுதல் வரியோடு முதல் டிராஃப்ட் இடமும் பத்துப் படி இறங்கும்.

கணக்கில் எடுப்பது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. ஓட்டானியின் பத்தாண்டில் அவர் கையில் வாங்குவது ஆண்டுக்கு 2 மில்லியன், மீதி 68 மில்லியன் 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வரும். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால் வரிக்கணக்கில் அவர் ஆண்டுக்கு சுமார் 46 மில்லியன்தான். நல்ல ஆட்டக்காரர் ஒருவரை ஓர் அணி ஏறக்குறைய இனாமாகக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டால், அந்த அணி கோட்டுக்கு எத்தனை மில்லியன் மேலே இருக்கிறது என்று பாருங்கள். இந்த விதிகள் எல்லாம் அடங்கிய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: நானே அணி கட்டினால் பணத்தை எங்கே முதலில் போட வேண்டும்?
– டொங்காட் வாசகர்

ப: இன்னிங்ஸை எண்ணுங்கள். 162 ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸ், மொத்தம் 1,458. தொடக்க பிட்சர்கள் ஐவரும் ஆளுக்கு 150 வீசினால் 750. அதற்கே காயம் படாத ஆண்டு வேண்டும். எட்டு ரிலீவர்கள் (தொடக்க பிட்சருக்குப் பின் வந்து வீசுபவர்கள்) ஆளுக்கு 65 என்றால் 520. கூட்டினால் 1,270. இன்னும் 188 இன்னிங்ஸ் அந்தரத்தில் தொங்குகிறது. அதை வீசப்போவது உங்கள் ஆறாவது முதல் பத்தாவது தொடக்க பிட்சர்கள். அவர்களுக்கு ஆப்ஷன் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலும் கீழும் அனுப்ப முடியாது. ஜூலையில் தடுமாறும் அணிகளில் பெரும்பாலானவை கோட்டைவிட்டது இந்த 188-ல்.

பேட்டிங்கில் கேட்சர், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்), சென்டர் ஃபீல்டு (வெளிக்களத்தின் நடு) மூன்றையும் முதலில் நிரப்புங்கள். ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவர் வேறிடத்துக்கு நகர முடியும். முதல் பேஸ் மட்டுமே தெரிந்தவர் ஷார்ட்ஸ்டாப் ஆக முடியாது. வதந்திக் காலத்தில் ரசிகர்கள் செய்கிற தவறு, மூன்று ஹோம்ரன் மலைகளைச் சேர்த்துக்கொள்வது. அவர்களுக்கு முதல் பேஸ் ஒரு இடம், டி.எச். (களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) ஒரு இடம். மூன்றாமவர் 35 மில்லியன் டாலர் பெஞ்சு.

பெஞ்சில் நால்வர்: மாற்று கேட்சர், எல்லா இன்ஃபீல்டு இடமும் தெரிந்த ஒருவர், சென்டர் ஃபீல்டு ஆடக்கூடிய நான்காவது அவுட்ஃபீல்டர், இடக்கை பிட்சரை அடிக்கும் ஒரு வலக்கை மட்டை. ஒரே ஒரு பேட்டருக்காக இறங்கும் இடக்கை ரிலீவருக்கு இடம் ஒதுக்காதீர்கள். 2020 முதல் ரிலீவர் மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ரிலீவர்களுக்கு நீண்ட ஒப்பந்தமும் வேண்டாம். ஆண்டுக்கு 65 இன்னிங்ஸ் என்பது ஒருவரை எடைபோடவே போதாத அளவு. போன ஆண்டு தேன், இந்த ஆண்டு வேப்பெண்ணெய்.

கே: ஆட்டக்காரரே மறுத்தால்?
– மெரபேங்க், இன்னொரு வாசகர்

ப: பத்தாண்டு சேவை, அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால் மறுக்கும் உரிமை தானாக வரும். ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளலாம். 2017-ல் மயாமி ஜியான்கார்லோ ஸ்டாண்டனை சான் பிரான்சிஸ்கோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் பேசி முடித்து வைத்திருந்தது. அவர் இரண்டுக்கும் தலையாட்டவில்லை, யாங்கீஸுக்குப் போனார்.

கே: இதையெல்லாம் நேரடியாகப் பார்க்க எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும்?
– சாட்ஸ்வொர்த், இன்னொரு வாசகர்

ப: குளிர்காலத்தில் நியூயார்க்கைவிட நாம் ஏழு மணி நேரம் முன்னால். நவம்பரில் நாற்பதை முடிவுசெய்யும் கெடு அவர்களுக்கு மாலை 6, நமக்கு நள்ளிரவு தாண்டி 1. ஒப்பந்தம் தராமல் கழற்றிவிடும் கெடுவும் நமக்கு நடுராத்திரியில்தான். காலையில் எழுந்து பட்டியலைப் படித்தால் போதும். ரூல் 5 தேர்வு மட்டும் வழக்கமாக நமக்கு இரவு 9 மணி, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும் டிரேடு கெடுவின்போது வித்தியாசம் ஆறு மணி நேரம்; சரியாக நள்ளிரவு 12.