தப்பு யாருடையது என்பது இருக்கட்டும், முதலில் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்

கேள்வி: நான் ஒரு சின்ன உலோகப் பட்டறையில் சூப்பர்வைசர். மொத்தம் 14 பேர் வேலை செய்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் பிரஸ் மெஷினில் ஒருவருக்கு வலது கையில் அடிபட்டது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து, ஆபரேஷன் செய்து தைத்திருக்கிறார்கள். ஆறு வருடமாக என்னோடு இருப்பவர். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மெஷினின் சேஃப்டி கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை) அவரேதான் கழற்றி வைத்திருந்தார். "தப்பு அவர்மேல். ஏதாவது கொடுத்து முடித்துவிடலாம்" என்கிறார் முதலாளி. "நீ போன் பண்ணாதே, பேசினால் அதையே கேஸில் சொல்வார்கள்" என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அவருக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டா? என்னென்ன கிடைக்கும்? அவர் பழையபடி வேலைக்கு வர நான் என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இழப்பீடு ஒரு கேள்வியாகவும் அவர் குணமாவது இன்னொரு கேள்வியாகவும் இருக்கிறது. அவர் கையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உரிமை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக ஏற்பட்ட காயம் என்றால் இழப்பீடு உண்டு. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களுக்கு அடித்தளமே இதுதான். இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்டவர் கோர்ட்டுக்குப் போய், முதலாளியின் தப்பை நிரூபித்தால்தான் காசு. முதலாளியிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: நீயே கவனமாக இல்லை, உன் கூட வேலை செய்தவன் செய்த தப்பு அது, ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். 1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கசாப்புக் கடைக்காரரின் வண்டி அதிக பாரத்தால் உடைந்து, அதில் போன வேலையாளின் கால் முறிந்தது. நீதிமன்றம் முதலாளி பக்கம்தான் நின்றது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தத் தீர்ப்பைக் காட்டியே தொழிலாளர்களை வெறும் கையோடு அனுப்பினார்கள்.

1884இல் ஜெர்மனியில் அன்றைய அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஆட்சியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளிகள் சேர்ந்து ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், அடிபட்டவருக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும். 1897இல் பிரிட்டன், 1911இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று அடுத்தடுத்து வந்தன. இது இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து வந்த ஏற்பாடு. தொழிலாளி தப்பை நிரூபிக்க வேண்டாம், கிடைப்பதும் வரம்புக்கு உட்பட்ட தொகைதான். வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பெருந்தொகை கேட்டு வழக்குப் போடும் உரிமையைப் பல நாடுகளில் அவர் விட்டுக்கொடுக்கிறார். முதலாளியோ "உன் தப்புதானே" என்ற பதிலை விட்டுக்கொடுக்கிறார். உங்கள் முதலாளி இன்று சொல்வது, முதலாளிகள் நூறு வருடத்துக்கு முன்னாலேயே விட்டுக்கொடுத்துவிட்ட அந்தப் பழைய பதில்.

ஆனால் கார்டைக் கழற்றிய விஷயத்தை நான் மழுப்பப் போவதில்லை. சாதாரண கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, போதையில் வேலை செய்வது போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. சில நாட்டுச் சட்டங்களில், பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே நீக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதையும் அப்படியே விட்டுவிடவில்லை. 1906இல் பிரிட்டன் தன் சட்டத்தை மாற்றியபோது, மரணமோ கடுமையான நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் தொழிலாளியின் வேண்டுமென்றே செய்த தப்பைக்கூடக் காரணமாகக் காட்ட முடியாது என்று வைத்தது. அதோடு, "தெரிந்தே நீக்கினார்" என்று சொல்லும்போது எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் இப்போதே உங்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அன்றைக்கு ஒருநாள் மட்டும்தான் அந்தக் கார்டு கழன்றிருந்ததா?

ஆறு வருடம் அனுபவம் உள்ளவர் திடீரென்று ஒருநாள் கார்டைக் கழற்ற மாட்டார். அது வேலையை மெதுவாக்குகிறது, எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வருகிறது, அதனால் எப்போதோ ஒருவர் கழற்றியிருப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். நீங்களும் பார்த்திருக்கலாம். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. பட்டறையே பழக்கமாக்கி வைத்திருந்த ஒன்றுக்கு ஒரு மனிதரின் விரலை மட்டும் பொறுப்பாளி ஆக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் தூக்கம் கெடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, என்னென்ன கிடைக்கும்? எங்கும் பொதுவாக இருப்பது இது. சிகிச்சைச் செலவு, அதாவது ஆபரேஷன், மருந்து, பிசியோதெரபி. பல இடங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவும் சேரும். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1964இல் கொண்டுவந்த 121ஆவது உடன்படிக்கை, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒருவருக்கு முந்தைய வருமானத்தில் 60 சதவீதமாவது தர வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு வைத்தது. பல நாடுகள் அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. சம்பளக் கணக்கில் ஓவர்டைம் சேருமா என்று கட்டாயம் பாருங்கள். வழக்கமாக ஓவர்டைம் செய்தவருக்கு வெறும் அடிப்படைச் சம்பளத்தை எழுதி அனுப்பிவிட்டால் மாதாமாதம் இழப்பு. சம்பளப் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கும், அவர் கையில் இருக்காது.

அடுத்தது நிரந்தர இழப்பு. சிகிச்சை முடிந்து, "இனி பெரிய முன்னேற்றம் இருக்காது" என்று டாக்டர் சொல்லும் கட்டத்தில், விரல் எவ்வளவு மடங்குகிறது, பிடி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து ஒரு சதவீதம் போடுவார்கள். பல சட்டங்களில் உடல் உறுப்புக்கு ஒரு அட்டவணையே உண்டு. பெருவிரலுக்கு மற்ற விரல்களைவிடக் கூடுதல் மதிப்பு. இந்த அட்டவணைகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவை உடலைத்தான் அளக்கின்றன, பிழைப்பை அளப்பதில்லை. கணக்கு எழுதுபவரின் ஆட்காட்டி விரலும் பிரஸ் ஓட்டுபவரின் ஆட்காட்டி விரலும் அதில் ஒன்றுதான். ஒருவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு சம்பாதிக்கும் திறனை இழந்தார் என்பதையும் கணக்கில் எடுக்கும் இடங்களும் உண்டு. அங்கே அவர் தினமும் செய்த வேலையைப் பற்றி நீங்கள் விவரமாக எழுதித் தரும் குறிப்பு அவருக்கு மிகவும் உதவும்.

"ஏதாவது கொடுத்து முடித்துவிடலாம்" என்பதில் இருக்கும் ஆபத்து இப்போது புரியும். மூன்றாவது வாரத்தில் அந்த விரல்கள் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் தெரியாது. இப்போது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பல இடங்களில் பிற்காலச் சிகிச்சைக்கான உரிமையும் அதோடு போய்விடும். அவர் அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கும் இது நல்லதல்ல. சட்டப்படியான கிளெயிமை மறைத்துக் கைக்காசு கொடுத்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது, அபராதமும் வரலாம். விபத்தைத் தெரிவிக்க எல்லாச் சட்டமும் ஒரு கெடு வைத்திருக்கும், சில இடங்களில் அது சில நாட்கள்தான். இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் நாளையே செய்யச் சொல்லுங்கள். தேதி, நேரம், என்ன வேலை நடந்தது, யார் பார்த்தார்கள், கார்டு எங்கே இருந்தது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அவருக்கு உதவுவதாக நினைத்துக் கார்டு விஷயத்தை மறைக்கவும் வேண்டாம், அவரைச் சிக்கவைக்க அதைப் பெரிதாக்கவும் வேண்டாம்.

நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். தைத்த தசைநாண் மூன்று வாரத்தில் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் தையல் அறுந்துபோகலாம். அதற்காக அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், எந்த நாளில் எந்த அளவு அசைக்கலாம் என்று கை சிகிச்சையில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) மாட்டிக்கொண்டு, தினமும் பல தடவை செய்ய வேண்டிய சின்னச் சின்னப் பயிற்சிகள். கனமான பிடிக்குச் சுமார் 12 வாரம் ஆகும், விறைப்பு குறைய மாதக்கணக்கில் ஆகும். இந்த நாட்களில் கிளெயிம் பேப்பர் யாருடைய மேஜையிலோ கிடக்கிறது என்று வையுங்கள். தெரபிக்கு அனுமதி வரவில்லை, போய்வரக் காசில்லை, இரண்டு வாரம் தவறிவிட்டது. அந்த இரண்டு வாரத்தைப் பிறகு எந்தத் தொகை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. பேப்பர் வேலையில் ஆகும் தாமதம் விரலில் தெரியும். அதனால்தான் இரண்டும் ஒன்று என்றேன்.

போன் செய்யலாமா என்று தயங்குகிறீர்கள். செய்யுங்கள், ஐயா. என் அப்பாவுக்கு ஒரு முறை வேலையில் தோள் அடிபட்டு, 11 வாரம் வீட்டில் இருந்தார். அவர் வேலை செய்த இடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பேசினால் பொறுப்பாகிவிடும் என்று அவர்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். தோள் வலியைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. "ஒருத்தர்கூடக் கேக்கலையே" என்பதைத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமும் பயமும் வளர்வது இந்த மௌனத்தில்தான். பல வழக்குகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. யார் தப்பு என்பதையே கேட்காத ஒரு ஏற்பாட்டில், நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. விபத்து எப்படி நடந்தது என்று போனில் அலச வேண்டாம், தொகை எதையும் வாக்குக் கொடுக்க வேண்டாம், எப்போது வருவாய் என்று நெருக்க வேண்டாம். கை எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, தெரபிக்கு யார் கூட்டிப்போகிறார்கள், எந்தப் பேப்பர் நிற்கிறது என்று கேளுங்கள். வாரம் ஒரு தடவை, சொன்ன நாளில் செய்யுங்கள்.

திரும்ப வேலைக்கு வருவது பற்றி. நூறு சதவீதம் சரியான பிறகு வரட்டும் என்பது கேட்க அன்பாக இருக்கும், நடைமுறையில் அது பல பேரை நிரந்தரமாக வீட்டில் உட்காரவைத்துவிடுகிறது. வெளியே இருக்கும் காலம் நீள நீளத் திரும்பி வருவது கடினமாகும். டாக்டரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை கிலோ தூக்கலாம், வலது கையில் பிடிக்கலாமா, எத்தனை மணி நேரம். அதற்குள் அடங்கும் வேலையைத் தேடுங்கள். அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும், மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பது வேண்டாம். ஆறு வருட அனுபவம் உள்ளவருக்குப் பொருளைச் சோதித்துப் பார்க்கத் தெரியும், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், மெஷினின் சத்தத்திலேயே கோளாறு தெரியும். முதலில் அரை நாள் வரட்டும், தெரபி நேரத்தை விட்டுவிட்டு. லைட் டியூட்டியில் சம்பளம் குறைந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை இழப்பீடு ஈடுகட்டும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள். என்ன வேலை என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

காயம் பட்ட விரல்களில் குளிர் பட்டால் வலிப்பது, மரத்துப்போவது, கூச்சம் எல்லாம் நீண்ட நாள் இருக்கும், அது நடிப்பு இல்லை. "விரல்தானே, இன்னுமா?" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், அது உங்கள் பொறுப்பு. வலி காயத்துக்குப் பொருந்தாத அளவு கூடினாலோ, கை வீங்கி நிறம் மாறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மனக் காயமும் உண்டு. மெஷின் அடிக்கும் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடும், கனவு வரும். அதே பிரஸ்ஸுக்கு முதல் வாரமே அனுப்பாதீர்கள். அவர் கேட்கும்போது, மெஷின் நின்றிருக்கும் நேரத்தில், கூடப் போய் நில்லுங்கள். வாரக்கணக்கில் பயம் குறையவில்லை என்றால் மனநல ஆலோசனைக்கு வழி செய்யுங்கள், பல சட்டங்களில் அதுவும் சிகிச்சைக் கணக்கில் வரும். அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கார்டு. அது ஏன் வேலையை மெதுவாக்குகிறது என்று பிரஸ்ஸில் வேலை செய்பவர்களையே கேட்டு, அது மாட்டியிருந்தால்தான் மெஷின் ஓடும்படி மாற்ற முதலாளியிடம் பேசுங்கள். எண்ணிக்கை அதற்கேற்பக் குறையும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடிபட்டவர் திரும்பி வரும் நாளில் கார்டு மாட்டியிருக்க வேண்டும்.

இன்று மாலை ஷிஃப்ட் முடிந்ததும் போன் செய்யுங்கள். கார்டைப் பற்றி அவராக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். அடுத்த தெரபி என்றைக்கு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.