விடுதி முற்றங்களும் பழைய படங்களும்: சில கேள்விகள், சில பதில்கள்

குதிரை வண்டிக் காலத்து இங்கிலாந்தில், நடுவே முற்றமும் அதைச் சுற்றி மாடித் தாழ்வாரங்களும் கொண்டிருந்த பயணியர் விடுதிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்ததில் பிறந்தவை. ஆகவே கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்போதே படத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 'சத்திரம்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அச்சொல்லில் அறம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இவையோ ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் கணக்கு எழுதிய வியாபார இடங்கள்.

அறைகளுக்குப் போகும் வழியைக் கட்டடத்துக்குள் வைக்காமல், முற்றத்தைப் பார்த்தபடி வெளியே மரத் தாழ்வாரமாக ஏன் அமைத்தார்கள்? (மதுரை வாசகர்)

நகரத்து மனைகள் தெருப்பக்கம் குறுகியும் பின்னால் நீண்டும் இருந்தன. தெருவிலிருந்து ஒரு வளைவு வாயில் வழியாக நுழைந்தால் முற்றம். அதன் இருபுறமும் ஒற்றை அறை ஆழம் மட்டுமே உள்ள கட்டடங்கள். இவ்வளவு ஒடுங்கிய கட்டடத்துக்குள் நடைவழி ஒன்றை ஒதுக்கினால் அறை பாதியாகிவிடும், வெளிச்சமும் போய்விடும். எனவே நடைவழியை வெளியே தள்ளி, மரக்கிராதி வைத்து, மேலே கூரையை நீட்டிவிட்டார்கள். ஒவ்வோர் அறையின் கதவும் தாழ்வாரத்தில் திறந்தது; படிக்கட்டு முற்றத்திலிருந்தே ஏறியது. இரவில் வாயிற்கதவைச் சாத்திவிட்டால் வண்டிகளும் சரக்கும் குதிரைகளும் விருந்தினரும் ஒரே தாழ்ப்பாளுக்குள் அடங்கிவிடுவார்கள். குளிர்கால இரவில் மழைச்சாரலில் நனைந்துகொண்டே அறைக்கு நடப்பவருக்கு இந்த ஏற்பாட்டின் மீது என்ன கருத்து இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய படங்களில் பெரும்பாலானவை சதர்க் பகுதியைச் சேர்ந்தவையாக இருக்கின்றனவே? (கோவை வாசகர்)

தேம்ஸ் நதியின் மீது 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, இலண்டன் நகரத்துக்குள் செல்ல இலண்டன் பாலம் ஒன்றே இருந்தது. அதன் மேல் வீடுகளும் கடைகளும் நெருக்கியிருந்தன. தெற்கிலிருந்து வந்த சரக்கு வண்டிகளும் பயணிகளும் பாலத்தின் தென்கரையில் உள்ள சதர்க்கின் பெரிய தெருவிலேயே தங்கிவிட்டார்கள். அதனால் அங்கே ஒன்றையடுத்து ஒன்றாக விடுதி முற்றங்கள் வரிசை கட்டின.

என்னிடம் உள்ள ஒரு படத்தின் கீழ், 'சாசரின் யாத்திரிகர்கள் தங்கிய டபார்ட் விடுதி' என்று அச்சிட்டிருக்கிறது. உண்மையிலேயே அது அந்தக் கட்டடந்தானா? (திருநெல்வேலி வாசகர்)

இடம் அதுவே; கட்டடம் அதுவன்று. கான்டர்பரிக்குப் போகும் யாத்திரிகர்களை டபார்டில் கூடவைத்துக் கதை எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர் 1400இல் இறந்தார். சதர்க்கின் பெரும்பகுதியை எரித்த 1676ஆம் ஆண்டுத் தீயில் டபார்ட் அழிந்தது. அதன்பின் எழுப்பப்பட்ட கட்டடம் 'டால்பட்' என்ற பெயரில் இயங்கி, 1870களில் இடிக்கப்பட்டது. நீங்கள் குறிப்பிடும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் தெரிவது தீக்குப் பிந்தைய கட்டடமே. குழப்பத்துக்கு விடுதிக்காரர்களும் காரணம்: யாத்திரிகர்கள் 1383இல் தங்கிய விடுதி இதுவே என்று வாயிலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஓவியர்கள் கட்டடத்தோடு அந்த விளம்பரத்தையும் அப்படியே வரைந்துகொண்டு போனார்கள்.

புகைப்படங்களில் முற்றம் ஏன் எப்போதும் வெறிச்சோடிக் கிடக்கிறது? வண்டிகள் எங்கே போயின? (சென்னை வாசகர்)

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிற கேள்விகளுக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது.

வண்டிகள் போய்விட்ட பிறகுதான் கேமராக்கள் வந்தன. இலண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இடையே 1838இல் முழு இரயில் பாதை திறந்தது; இலண்டன்–பிரிஸ்டல் பாதை 1841இல் முடிந்தது. அதற்குள் நெடுந்தூரக் குதிரை வண்டித் தொழில் சரிந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வைத்திருந்த வில்லியம் சாப்ளின் போன்ற பெருமுதலாளிகள் காற்று திரும்புவதை உணர்ந்து தங்கள் பணத்தை இரயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். முற்றங்கள் சரக்கு வண்டிக்காரர்களின் கிடங்குகளாயின. மேல்தள அறைகள் குடித்தனங்களுக்கு விடப்பட்டன.

புனித பவுல் பேராலயத்துக்கு அருகே வார்விக் சந்தில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் விடுதி இடிபடப் போகிறது என்று தெரிந்ததும், ஆல்ஃபிரட் மார்க்ஸ் என்பவர் அதைப் புகைப்படமாகவாவது காப்பாற்ற முயன்றார். இப்படி 1875இல் உருவானதுதான் பழைய இலண்டனின் எச்சங்களைப் படம்பிடிக்கும் சங்கம். ஆல்ஃபிரட் பூல், ஜான் பூல் ஆகியோர் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். பின்னர் ஹென்றி டிக்சன் தொடர்ந்தார். 1886 வரை மொத்தம் 120 படங்கள் வெளியாயின. வெள்ளி உப்பு அச்சுகள் நாளடைவில் மங்கும் என்பதால் நிறமியைக் கொண்டு கார்பன் முறையில் அச்சிட்டார்கள். இன்றும் அவற்றின் கறுப்பு கறுப்பாகவே இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் படத்தைக் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். கிராதிகளின் மேல் துணி காய்கிறது. நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்போமே, அதேதான்: இரவு தங்கிப் போனவர்களின் அறைகளில் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்களின் துணிகள் அவை. படம் பதியும் ஒவ்வொரு கண்ணாடித் தட்டுக்கும் சில நொடிகள் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்ததால் நடந்து போனவர்கள் பதியவில்லை, அல்லது புகைபோலப் பதிந்தார்கள். எனவே அந்த வெறுமையில் ஒரு பங்கு உண்மை, மறு பங்கு கேமராவின் வேலை.

அப்படியானால் வண்டிகள் ஓடிய காலத்திலேயே வரையப்பட்ட முற்றம் எதுவும் இல்லையா? (யாழ்ப்பாண வாசகர்)

இருக்கிறது. வில்லியம் ஹோகார்த் 1747இல் வெளியிட்ட கிராமத்து விடுதி முற்றத்தின் அச்சுப்படத்தைத் தவறவிடாதீர்கள். பின்னால் மாடித் தாழ்வாரம். முன்னால் புறப்படத் தயாராக நிற்கும் வண்டி. பருத்த பெண் ஒருத்தியை வண்டிக்குள் ஏற்றுவதற்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளுகிறான். வண்டியின் பின்பக்கம் கட்டிய கூடையில் கிழவி ஒருத்தி புகைக்குழாயுடன் சாவதானமாக உட்கார்ந்திருக்கிறாள். குறைந்த கட்டணப் பயணிகளின் இடம் அந்தக் கூடைதான். கூரை மேல் ஒரு மாலுமி. விடுதிக்காரர் ஒரு பயணியிடம் கணக்குச் சீட்டை நீட்டுகிறார். தேர்தல் ஆண்டு என்பதால் முற்றத்துக்குள்ளேயே ஓர் ஊர்வலம், ஒரு கொடும்பாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. கேலிப்படந்தான், ஆயினும் இவ்வளவு சத்தம் கேட்கும் வேறொரு முற்றப் படத்தை நான் பார்த்ததில்லை.

பனி பெய்யும் இரவில் நான்கு குதிரைகள் பூட்டிய வண்டி, ஒளிரும் சன்னல்கள், கொம்பு ஊதும் காவலர் என்று வரும் வண்ண ஓவியங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? (சேலம் வாசகர்)

ஓவியர் எப்போது வாழ்ந்தார் என்று முதலில் பாருங்கள். ஜேம்ஸ் பொல்லார்ட் (1792–1867) வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோதே வரைந்தவர். கடிவாள வார்கள் வரை அவரை நம்பலாம். பாத் நகரத்து ஜான் சார்ல்ஸ் மாக்ஸ் (1819–1896) இரயில் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அதே காட்சிகளை வரைந்துகொண்டிருந்தார். அவருடைய முற்றங்கள் ஏக்கத்தின் முற்றங்கள். பனி சற்று அதிகமாகவே பெய்யும். அவற்றை அவருடைய காலத்தவரின் மனநிலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், கட்டடத்துக்குச் சான்றாக வேண்டாம். வண்டியின் நிறத்தையும் கவனியுங்கள்: அரச முத்திரையும் சிவப்புச் சக்கரங்களும் இருந்தால் அது 1784இல் தொடங்கிய தபால் வண்டிச் சேவையைச் சேர்ந்தது, பக்கவாட்டில் ஊர்ப்பெயர்கள் நிறைய எழுதியிருந்தால் தனியார் வண்டி.

கூரை மேல் உட்கார்ந்தவர்கள் அந்த வளைவு வாயிலில் எப்படி நுழைந்தார்கள்? (தஞ்சை வாசகர்)

குனிந்துதான். குனியத் தவறிய ஒரு பெண்ணின் கதையை டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் ஜிங்கிள் என்ற பாத்திரம் கூசாமல் சொல்லும். சொல்பவர் பொய்யர், வாயிலின் தாழ்வு மட்டும் மெய்.

ஷேக்ஸ்பியர் இந்த முற்றங்களில் நடித்தாரா? இப்போது நிற்கும் ஜார்ஜ் விடுதியை அவர் பார்த்திருப்பாரா? (புதுச்சேரி வாசகர்)

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: பார்த்திருக்க முடியாது. அவர் 1616இல் இறந்தார். சதர்க்கில் உள்ள இன்றைய ஜார்ஜ், 1676ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு கட்டப்பட்டது. முதல் கேள்வியில் நிதானம் தேவை. இலண்டனின் புல், பெல் சாவேஜ் ஆகிய விடுதிகளின் முற்றங்களில் எலிசபெத் காலத்தில் நாடகங்கள் நடந்தன. மேடையை ஒட்டிய அறைகளிலும் தாழ்வாரங்களிலும் ஒழுங்கீனம் நடக்கிறது என்று நகர மன்றம் 1574இலேயே புகார் சொல்லி, அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. ஆனால் வேறு சில விடுதிகளில் நாடகங்கள் உள்ளரங்கில் நடந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே விடுதி முற்றமே வளர்ந்து வட்ட அரங்கமானது என்ற கதையை முழுதாக விழுங்க வேண்டியதில்லை.

இன்று நேரில் பார்க்க எங்கே போகலாம்? (சிங்கப்பூர் வாசகர்)

இலண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு எஞ்சியிருப்பது சதர்க்கின் ஜார்ஜ் ஒன்றே. அதிலும் ஒரு பக்கம் மட்டுமே மிச்சம்: அதை வாங்கியிருந்த இரயில் கம்பெனி 1889இல் மற்ற பக்கங்களை இடித்துவிட்டது. அதே ஆண்டில்தான் பக்கத்தில் இருந்த ஒயிட் ஹார்ட் விடுதியும் மறைந்தது. எஞ்சிய பகுதி 1937இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. முற்றத்தைத் தாழ்வாரங்கள் முழுதாகச் சூழ்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் குளோஸ்டர் நகரத்துக்குப் போங்கள். அங்குள்ள 'நியூ இன்', பெயர் புதிதானாலும், 1450 அளவில் ஒரு மடாலயம் யாத்திரிகர்களுக்காகக் கட்டியது. இரண்டில் ஒன்றுக்கே நேரமிருந்தால் நான் குளோஸ்டரைத்தான் சொல்வேன். ஜார்ஜில் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், எதிர்ப்பக்கம் இருந்திருக்க வேண்டிய அறைகளின் இடத்தில் வேறு கட்டடங்கள் நிற்கும்.