வெயிலில் சவுண்ட் மிக்சர் திரை தெரியாமல் கழுத்து வலிக்கிறதா?

குன்றக்குடித் திருவிழாவில் பகல் கச்சேரிக்கு எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சரின் திரை தெரியவில்லை, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடிப் பந்தல்களில் நானும் பட்ட பாடுதான் இது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் நேரே திரையில் விழும். மேசையைத் திருப்பி, வெயிலைப் பக்கவாட்டில் வாங்குங்கள். அட்டைப்பெட்டியை மூன்று பக்கம் மறைக்கும்படி வெட்டி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டித் திரைக்கு மேல் கவிழ்த்து வையுங்கள். பாதி பிரச்சினை அதிலேயே தீரும். மிக்சரின் காற்றோட்டத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மிக்சரின் செட்டப் மெனுவில் திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள், அதனாலும் திரை இருண்டு தெரியும்.

அப்புறம் கழுத்து. ஃபேடர்கள் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்கள்) முழங்கை உயரத்துக்கு வரட்டும். பந்தல்காரர் தரும் மேசை நின்று வேலை செய்யப் பெரும்பாலும் தாழ்வு. மேசைக் கால்களுக்குச் செங்கல் கொடுங்கள். மிக்சரின் பின்விளிம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து உங்களை நோக்கிச் சாய்த்து, வழுக்காமல் கட்டிவிடுங்கள்.