ஒரு சேலையின் கணக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். பி.காம். இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேராமல் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கப் போவதாகச் சொல்கிறார் என்றும், அந்தக் கவலையில் தங்களுக்கு உறக்கமே வருவதில்லை என்றும் சென்ற வாரம் கூறினீர்கள். வியாபாரமா, வேலையா என்று கேட்டீர்கள். ஒரு சேலையை விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை அவர் எழுதிக் காட்டும்வரை அதற்கு என்னால் விடை சொல்ல இயலாது. அன்று நான் கேட்டபோது, 600 ரூபாய்க்கு எடுத்து 950 ரூபாய்க்கு விற்றால் 350 ரூபாய் லாபம் என்றார். அந்த 350 ரூபாய் எங்கே போகிறது என்பதைத் தாங்களும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

சேலையின் விலை 600 ரூபாய் என்றால், அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 30 ரூபாய். உறைக்கும் அச்சிட்ட அட்டைக்கும் 20 ரூபாய், கூரியருக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத வரியும் பிடித்தால் ஏறத்தாழ 22 ரூபாய். மாதம் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்து 40 ஆர்டர் வந்தால், ஒவ்வொரு சேலையின் தலையிலும் 125 ரூபாய் ஏறுகிறது. பத்தில் ஒரு பார்சல் திரும்பி வந்தால், போக வர ஆன 140 ரூபாயை மற்ற ஒன்பது சேலைகளே சுமக்க வேண்டும்; அது 16 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் அடக்கவிலை 883 ரூபாய். மீதி 67 ரூபாய்தான். நாற்பது சேலை விற்றாலும் மாதம் 2,680 ரூபாய்; அதிலும் படம் எடுத்து, பதில் எழுதி, மடித்துக் கட்டிய அவருடைய உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை. ஆடி மாதத்தில் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று இவரும் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், ஒவ்வொரு சேலைக்கும் 26 ரூபாய் கைநஷ்டம். அப்போது ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியாபாரம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். இந்த இடத்தில் பல பிள்ளைகள் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

விலையை 1,150 ரூபாயாக உயர்த்தினால் ஆட்கள் குறைவார்கள் என்று தங்கள் மகள் அஞ்சுகிறார். குறையட்டும். அதே 5,000 ரூபாய் விளம்பரத்துக்கு 25 ஆர்டர் மட்டுமே வந்தாலும், விளம்பரச் செலவு சேலைக்கு 200 ரூபாயாக ஏறிய பின்னும் ஒரு சேலையில் 187 ரூபாய் நிற்கும். மாதத்துக்கு 4,675 ரூபாய். குறைந்த உழைப்பில் கூடுதல் வரவு. பக்கத்து விற்பனையாளரின் விலையைப் பார்த்து அதிலிருந்து பத்து ரூபாய் குறைப்பது, ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்பவர்களுக்கே கட்டுபடியாகும். கையில் 30,000 ரூபாய் கைமுதலோடு தொடங்குபவருக்கு அந்த வழி ஒத்துவராது.

ஆனால் 1,150 ரூபாய் கேட்பதற்குக் காரணம் ஒன்று வேண்டும், அது சரக்கில் இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, துணியை நுனிநுனியாகப் பிடித்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து எடுப்பது. இன்று சந்தையில் சுங்குடி என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, முடிச்சே இல்லாமல் அச்சில் புள்ளி பதித்தவை. இரண்டும் நல்ல பருத்திச் சேலைகளாக இருக்கலாம்; ஆனால் அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்பது பொய். கைமுடிச்சுச் சேலைக்கு வேறு விலை, வேறு வாடிக்கையாளர். அதற்கு முன்பணம் வாங்கி, பதினைந்து நாள் தவணை சொல்லிச் செய்து தரும் முறையே பொருந்தும். வீட்டில் சரக்கு முடங்காது. அச்சுச் சேலைக்குச் சிறிதளவாவது ஸ்டாக் கையில் இருக்க வேண்டும். மொத்த வியாபாரியின் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு, ஆர்டர் வந்தபின் அவரையே அனுப்பச் சொல்லும் ரீசெல்லர் முறைக்கு முதல் தேவையில்லை. ஆனால் சாயம் போனாலும் நிறம் மாறினாலும் திட்டு வாங்குவது தங்கள் மகள். சரக்கைக் கண்ணால் பார்க்காமலே அவர் பெயர் கெடும். முதல் மூன்று மாதம் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அதைச் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். அவர் வீட்டிலிருந்து சின்னாளப்பட்டி பேருந்து தூரத்தில் இருக்கிறது. தறிக்காரரையும் சாயப்பட்டறையையும் நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு சென்னையில் இருந்து விற்பவருக்கு இல்லை.

கேஷ் ஆன் டெலிவரி பற்றியும் சொல்ல வேண்டும். பார்சல் வீட்டு வாசலுக்குப் போனபின் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அந்த வகை ஆர்டரில்தான் நடக்கிறது. முன்கூட்டிப் பணம் செலுத்துபவர்க்கு 40 ரூபாய் குறைத்துக் கொடுத்தால், திரும்பி வரும் பார்சலில் மிச்சமாகும் பணம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். தள்ளுபடி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இந்த ஒரு தள்ளுபடியைக் கொடுக்கட்டும்.

வரி விஷயத்தில் ஒரு கணக்காளரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பைத் தாண்டாத சிறு விற்பனையாளர், அந்தப் பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் பெற்று, பெரிய விற்பனைத் தளங்கள் வழியாகத் தம் மாநிலத்துக்குள் பொருள் விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால், சில கைவினைப் பொருட்களுக்கான விலக்கு நீங்கலாக, பதிவு தேவை. பதிவு செய்தபின் 950 ரூபாய் என்பது வரி சேர்ந்த விலை. அதில் 45 ரூபாய் அரசுக்கு உரியது, கொள்முதலில் கட்டிய 30 ரூபாயை அதில் கழித்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு அரசின் இணையதளத்தில் இலவசமாகவே செய்யப்படுகிறது. அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி, தங்கள் கவலையின் வேருக்கு வருகிறேன். ஓர் ஆண்டு இதில் போனால் வங்கி வேலை கைநழுவிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். வங்கிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவினரின் வயது வரம்பு 20 முதல் 28 வரை, அதிகாரி தேர்வுக்கு 20 முதல் 30 வரை. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மேலும் மூன்று ஆண்டுத் தளர்வு உண்டு. தங்கள் மகளுக்கு இப்போது 20 வயது. அதனால் காலையில் இரண்டு மணி நேரம் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, பகலில் இந்த வியாபாரத்தை நடத்தட்டும். நகையை அடகு வைக்க வேண்டாம், முதல் ஆண்டில் கடனும் வேண்டாம். முப்பதாயிரத்துக்கு மேல் வீட்டுப் பணம் போகக் கூடாது என்று இப்போதே பேசி வையுங்கள். கேட்லாக் தயாரிக்கவும் விலை நிர்ணயிக்கவும் வரிக்கணக்கு எழுதவும் சொந்தக் கையால் பழகிய பி.காம். பட்டதாரியை இணைய வணிக நிறுவனங்களும் ஜவுளி நிறுவனங்களும் விரும்பி எடுக்கும். கடை நிற்காவிட்டாலும் அந்தப் பழக்கம் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய அனுபவம்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வரும்போது, மேலே சொன்ன ஒவ்வொரு வரியையும் அவர் உண்மையில் விசாரித்து அறிந்த தொகையோடு ஒரே தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூரியர் கட்டணத்தை இரண்டு இடங்களிலாவது கேட்டிருக்க வேண்டும். அவருடைய ஒரு மணி நேரக் கூலிக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.