கரையிலிருந்து பதில்கள்: டீசலுக்கும் ஜெனீவாவுக்கும் என்ன உறவு?

கேள்வி: உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் எங்கள் டீசல் சலுகையும் தடைக்கால நிவாரணமும் நின்றுபோகும் என்று சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். மெய்தானா?
- விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

இப்போதைக்கு இல்லை. ஆனால் பேசியவர் முழுக்கக் கதை விடவும் இல்லை.

மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்த 2001-இல் தோஹாவில் தொடங்கிய பேச்சு இழுத்து இழுத்து, 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தமானது. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்ற பிறகு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஏற்காத நாட்டை அது கட்டுப்படுத்தாது. திருட்டுத்தனமாகப் பிடிக்கும் படகுக்கு, அருகிப்போன மீனைப் பிடிப்பதற்கு, எந்த நாட்டின் பொறுப்பிலும் எந்த மீன்வள அமைப்பின் பொறுப்பிலும் இல்லாத நடுக்கடலில் பிடிப்பதற்கு அரசு பணம் தரக்கூடாது என்கிறது. தடை போட்டது மானியத்துக்குத்தான், தொழிலுக்கு அல்ல.

உங்கள் டீசல் மாட்டுவது இரண்டாம் கட்டப் பேச்சில். அளவுக்கு மீறிப் பிடிக்கத் தூண்டும் மானியங்கள் என்று அந்த வரைவு போட்ட பட்டியலில் எரிபொருள், ஐஸ், தூண்டில் இரை மூன்றும் பெயர் சொல்லியே இருந்தன. வரியைத் தள்ளுபடி செய்வதும் அவர்கள் கணக்கில் மானியம்தான். ஆனால் 61 நாள் தடைக்காலத்தில் அடுப்பெரியத் தரும் நிவாரணத்துக்கு அதே வரைவு விலக்குக் கொடுத்திருந்தது. அந்த 8,000 ரூபாயை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

மானியத்தைக் கைவிட வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தொலைகடலில் பிடிக்கும் நாடுகள் 25 ஆண்டுக்கு மானியத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2024 மார்ச்சில் இதைப் பேசிய அபுதாபி மாநாடு முடிவில்லாமல் கலைந்தது. இந்தியா கேட்டதில் நியாயம் உண்டு. 2018-இல் உலகம் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய ஐந்தும் கொடுத்தவை. விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள் பசித்தவனுக்குப் பத்தியம் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் 25 ஆண்டு அதிகம். இறங்குதளத்தில் ஏலக் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன். சீலாவுக்கும் நண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு எழுதுவேன். வலையில் சேர்ந்து வரும் கழிவு மீனான சங்காயத்துக்கு மீன் பெயரே கிடையாது, 'சங்காயம் இத்தனை கிலோ' அவ்வளவுதான். காரல்பொடியோடு விரல் நீளம்கூட வளராத சங்கரா, நகரைக் குஞ்சுகள் நசுங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் அள்ளி மீன்மாவு ஆலை லாரியில் கொட்டுவார்கள். அந்தக் குஞ்சுகளையும் வரியில்லா டீசலில் போய்த்தான் அரித்து வந்தோம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

கேள்வி: இலங்கைக் கடற்படை பிடித்த படகுக்கு அப்புறம் சலுகை கிடைக்காதா?
- வாசகி, பாம்பன்

பிடித்தாலே போகாது. தன் கடலில் சட்டவிரோதமாகப் பிடித்ததாக ஒரு நாடு ஆதாரத்தோடு முறைப்படி முடிவெடுத்து, படகின் நாட்டுக்குத் தகவல் சொல்லி, அதன் பதிலையும் கேட்க வேண்டும். அதன்பின் அந்தப் படகுக்கு மானியம் நிறுத்தப்படும். எத்தனை காலத்துக்கு என்பதை மானியம் தரும் நாடே தீர்மானிக்கலாம். குற்றத்தின் தன்மை, மறுபடி மறுபடி செய்ததா என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது ஒப்பந்தம். இந்தியா ஏற்றால் ஒப்பந்தத்தில் பாக் நீரிணைக்கு முதலில் உறைக்கும் விதி இதுதான். டெல்லியில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்களோ!

கேள்வி: ஆமைக்காக நம் இறாலை அமெரிக்கா வாங்க மறுப்பது வர்த்தக விதிக்கு விரோதம் இல்லையா?
- கல்லூரி மாணவர், தூத்துக்குடி

இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் இதே கேள்வியோடு உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. இறால் வலையில் சிக்கும் ஆமையைக் காப்பது நியாயம்தான், நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியதுதான் தவறு என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டு சட்டத்தை வைத்துக்கொண்டது. வலை மடிக்குள் ஆமை வெளியேறும் இரும்புக் கம்பித் தட்டியை நம் படகுகள் வைக்காததால், கடலில் பிடிக்கும் இறாலுக்கு இன்னும் அங்கே கதவடைப்பு. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்லை. அந்தக் கம்பித் தட்டியை நான் பார்த்தது ஒரு வீட்டுக் கோழிக்கூண்டில், கதவாக. 'ஆமையோடு இறாலும் போயிருமே அண்ணாச்சி' என்றார் வீட்டுக்காரர்.

கேள்வி: கடலே இல்லாத ஜெனீவாவில் மீன் பேச்சு எதற்கு?
- வாசகர், மதுரை

ஏரி இருக்கிறதே! உலக வர்த்தக அமைப்பின் அலுவலகமே அந்த ஏரிக்கரையில்தான். பெர்ச் என்ற மீனின் வறுவலுக்கு ஊர் பேர்போனது. ஏரி மீன் போதாமல், உணவகத் தட்டுக்கு வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டு இறக்குமதி.