ஏற்றத்தில் கொதிக்கும் பழைய வேன்: முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1973 மாடல் ஃபோக்ஸ்வேகன் வேன், 1600 சிசி இன்ஜினோடு இருக்கிறது. சமதரையில் பிரச்சினை இல்லை. நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்தினால் ஆயில் விளக்கு மினுக்குகிறது, எண்ணெய் கருகும் வாடையும் வருகிறது. கூடுதலாக ஒரு ஆயில் கூலர் மாட்டினால் சரியாகுமா?

பதில்: மாட்டலாம், ஆனால் இப்போது வேண்டாம். இந்த இன்ஜினை நிறுவனம் கொடுத்த கூலரோடே ஏற்றம் ஏறத்தான் செய்தார்கள். இது தண்ணீரால் அல்ல, ஃபேன் வீசும் காற்றால் குளிரும் இன்ஜின். இன்று அது திணறுகிறது என்றால், அநேகமாகக் காற்று போக வேண்டிய வழியில் போகவில்லை.

இன்ஜினைச் சுற்றியுள்ள தகரங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. மேலே குளிர்ந்த காற்று, கீழே சிலிண்டர்களைத் தழுவி வெளியேறிய சூடான காற்று. இரண்டையும் பிரிப்பது அவைதான். ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை காய்ந்து உதிர்ந்திருந்தால், கீழே போன சூட்டையே ஃபேன் மறுபடி இழுக்கும். இருட்டில் வண்டிக்கு அடியில் ஒரு விளக்கை வைத்து, பின்னால் உள்ள இன்ஜின் கதவைத் திறந்து மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சூடும் கசியும் இடம். பிளக் ஒயர் நுழையும் துளைகளில் உள்ள சின்ன ரப்பர் மூடிகளையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஃபேன் கூட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். கசிந்த ஆயிலில் தூசி ஒட்டி, சிலிண்டர் ஃபின்களுக்கிடையே (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) களிம்பாக அடைத்திருக்கும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் எலிக்கூடுகூட இருக்கலாம். சூட்டைப் பொறுத்து இயங்கும் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த காற்றுத் தடுப்புகளைச் சிலர் 'எதற்கு இது' என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தவறு. காற்றைச் சரியான பக்கம் திருப்பிவிடுவதும் அவற்றின் வேலை.

ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. இறங்கினால் போதும். ஃபேனும் டைனமோவும் ஒரே பெல்ட்டில் சுற்றுவதால், ஓட்டும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று போய்க்கொண்டிருக்காதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, டைமிங் விளக்கு வைத்துச் சரிபாருங்கள். பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை; கார்புரேட்டரையும், காற்று திருட்டுத்தனமாக நுழையும் கேஸ்கெட்டுகளையும் பாருங்கள். வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரே எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வில் இடைவெளி குறைந்துகொண்டே போனால் அந்த வால்வு நீண்டுகொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இதில் மொத்த ஆயிலே 2.5 லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

ஓட்டும் விதமும் உண்டு. ஃபேன் சுற்றும் வேகம் இன்ஜின் வேகத்தைப் பொறுத்ததுதான். டாப் கியரில் முக்கி முக்கி ஏறினால் சுமை அதிகம், காற்றோ குறைவு. சத்தத்துக்குப் பயப்படாமல் மூன்றாம் கியருக்கு இறங்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஆயில் வெப்பமானி ஒன்று மாட்டி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால், அப்போது கூடுதல் கூலரைப் பற்றிப் பேசலாம். வெப்பம் சரியாக இருந்தும் விளக்கு மினுக்கினால் ஆயில் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். பேரிங் தேய்ந்திருந்தாலும் விளக்கு இப்படித்தான் மினுக்கும்.