திரும்ப முடியாத வீடு

கேள்வி: வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின் தாம் பிறந்த மதத்தை மட்டுமே பழிப்பவர் என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் வாதிட்டார். அவரை மனித உரிமைப் போராளி என்பது தகுமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: தகும். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் வங்கதேசத்து இந்துக்கள் மீது நடந்த தாக்குதல்களை, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மருத்துவராகப் பணியாற்றிய இவர் 1993இல் 'லஜ்ஜா' நாவலில் எழுதினார். அரசு அதைத் தடை செய்தது. சொந்த நாட்டின் சிறுபான்மையினருக்காகப் பேசியவரை மத விரோதி என்று சுருக்குவது நியாயமன்று. எல்லா மதங்களும் பெண்ணை ஒடுக்குகின்றன என்பதே அவர் வாதம். அதனால்தான் மதம் சாராத பொதுச் சட்டம் கேட்டார். அந்த வாதம் முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும் உரிமைதான் இங்கே கேள்வி.

கொலை மிரட்டலுக்கும் கைது ஆணைக்கும் இடையே மறைந்து வாழ்ந்து, 1994இல் சுவீடன் சென்றார். அவ்வாண்டே ஐரோப்பிய நாடாளுமன்றம் சிந்தனைச் சுதந்திரத்துக்கான சகாரோவ் விருது வழங்கியது. ஆனால் விருது ஊராகாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தந்தை தவறிய செய்தி கேட்டால் திருச்சியில் விமானம் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, பாடை கட்டுவதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். தஸ்லிமாவால் தம் தந்தையின் இறுதிக் காலத்தில் அப்படி வர முடியவில்லை. தாய்மொழி புழங்கும் கொல்கத்தாவிலாவது இருப்போம் என்று 2004இல் வந்தார். 2007 நவம்பரில் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்.